நடை சாத்தும் நேரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள்: ராமநாதபுரம் கரையோரக் கோயில், தர்கா, அரண்மனை, தேவாலயம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ராமேஸ்வரத்தில் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை எல்லாம் போய்வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே 55 கிலோமீட்டர். காலை டிபனை முடித்துக் கிளம்பி, பாம்பன் பாலம் தாண்டி, முதல் கோயிலைப் பார்த்துவிட்டு இரண்டாவது கோயில் வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும். நடை சாத்தியிருப்பார்கள். மறுபடி திறக்க மூன்றரை, நான்கு ஆகும். நடுவில் மூன்று மணி நேரம் வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பக்கத்துப் பயணத்துக்குத் திட்டம் போடும்போது முதலில் எழுத வேண்டியது, "பகல் 12லிருந்து 4 வரை எங்கே இருப்போம்?" என்ற ஒரு கேள்விக்கான பதில்தான். அரண்மனை, தர்கா, நினைவிடம், பாலம், தனுஷ்கோடி எல்லாம் பகலிலும் திறந்திருப்பவை. அவற்றை நடுப்பகலில் நிரப்பிவிட்டு, கோயில்களைக் காலையிலும் மாலையிலும் வைத்தால் மூன்று நாளில் அவசரமில்லாமல் முடியும். வந்து சேரும் இரவையும் சேர்த்து முதல் இரண்டு இரவு ராமநாதபுரத்தில், அடுத்த இரண்டு இரவு ராமேஸ்வரத்தில் தங்குவது சரியாக வரும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பழைய சேது யாத்திரை வரிசையே இப்படித்தான் போகிறது. உப்பூரில் பிள்ளையார், தேவிபட்டினத்தில் நவக்கிரகம், திருப்புல்லாணியில் பெருமாள், சேதுக்கரையில் கடல், கடைசியில் ராமேஸ்வரம். பரிகாரத்துக்காக வருகிற குடும்பங்கள் இந்த வரிசையை மாற்ற மாட்டார்கள். சும்மா பார்க்க வருகிறவர்களுக்கும் இதுவே அலைச்சல் குறைந்த வழி.

எப்போது வருவது என்றால், ஜனவரி முதல் மார்ச் முதல் வாரம் வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் பிராகாரத்துக் கல் காலைச் சுட்டுவிடும். ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தூக்கும், தனுஷ்கோடி மணல் கண்ணுக்குள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை மூன்றும் திதி கொடுக்க வருகிறவர்களின் நாட்கள். அன்றைக்கு ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்று இடத்திலும் கால் வைக்க இடம் இருக்காது. கீழே சொல்லியிருக்கிற நேரக்கணக்கு எதுவும் அன்று செல்லாது.

முதல் நாள்: வடக்குக் கரை, அரண்மனை, உத்தரகோசமங்கை

காலை ஆறு மணிக்கே ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி போகும் திசையில் கிளம்புங்கள். சுமார் 30 கிலோமீட்டரில் உப்பூர். வெயிலுகந்த விநாயகர் மேல் சூரிய ஒளி விழுவதுதான் இக்கோயிலின் பெருமை. சின்னக் கோயில், அரை மணி நேரம் போதும். கோயிலுக்கு எதிரில் சாலையில் லாரிகள் வேகமாக வரும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கவும்.

வந்த வழியே திரும்பினால் தேவிபட்டினம். ராமநாதபுரத்திலிருந்து நேராக வந்தால் 15 கிலோமீட்டர்தான். கடலுக்குள் ஒன்பது கற்கள். இராமர் நட்டு வழிபட்ட நவக்கிரகங்கள் என்பது ஐதீகம். கரையிலிருந்து நடைபாதை போட்டு, கற்களைச் சுற்றி மேடை கட்டியிருக்கிறார்கள். மேடையிலிருந்து பார்த்துவிட்டும் வரலாம், படியில் இறங்கித் தண்ணீருக்குள் கற்களைச் சுற்றியும் வரலாம். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் இங்கே அலை கிடையாது, குளம் மாதிரி கிடக்கும். கடலடைத்த பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அலையை அடக்கியவர் அவர் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

நீர் ஏற்றமாக இருந்தால் குட்டையான கற்கள் மூழ்கித் தலை மட்டும் தெரியும். ஒன்பதும் தெரியவில்லையே என்று குழம்ப வேண்டாம். இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது அடித்தரை. சேறும், முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன துணியும் சேர்ந்து வழுக்கும். படியிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் சிப்பி உள்ளங்காலைக் கிழிக்கும். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலைத் தேய்க்காமல் தூக்கி வைத்து நடக்கவும். நவதானியம் வாசல் கடைகளிலேயே பொட்டலமாகக் கிடைக்கும். தானியத்தைப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் உறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உடுத்திய துணியைக் கடலில் விட்டால் தோஷம் போகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அந்தத் துணிதான் அடுத்தவர் காலைத் தடுக்குகிறது. பரிகாரம் செய்கிறவர்கள் தட்சிணையை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என்ன பொருள் அவர்களே தருவார்கள், எது நாம் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தகராறு எல்லாம் இந்த இரண்டில்தான் வருகிறது.

பத்தரை மணிக்கு ராமநாதபுரம் திரும்பிவிட்டால் அரண்மனைக்கு நிதானமாக இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

இந்த அரண்மனையின் பெயர் ராமலிங்க விலாசம். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ராமேஸ்வரம் வருகிற லட்சக்கணக்கான பேரில் இதைப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. இந்தக் கரையில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, கோயிலை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றால் இங்கே போங்கள். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம். சுவர் ஓவியங்கள் அவருக்குப் பின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. சுவர், தூண், மேல்தளம், வளைவு என்று ஓர் அங்குலம் விடாமல் தீட்டியிருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஆரம்பியுங்கள். வெளி வெயிலிலிருந்து வந்து நேராக நடந்தால் சுவரில் பழுப்புக் கறைதான் தெரியும். "ஒன்றும் இல்லையே" என்று திரும்பிவிடுகிறவர்கள் இப்படி அவசரப்பட்டவர்கள்தான். பழகிய பிறகு பாருங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், மதுரை நாயக்கரிடம் சேதுபதி மரியாதை பெறுவது, ராஜராஜேஸ்வரி அம்மனிடமிருந்து செங்கோல் வாங்குவது, ஐரோப்பியரைச் சந்திப்பது, பாகவதக் காட்சிகள், ராமாயணத்தின் பாலகாண்டம். பல காட்சிகளுக்கு மேலே தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறது. பழைய எழுத்து முறையில் இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். பிள்ளைகளை அழைத்து வந்தால் அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். மேல்மாடி அறையில் அரசரின் அந்தரங்க வாழ்க்கைக் காட்சிகள். பிளாஷ் போட்டுப் படமெடுப்பதும் சுவரைத் தொடுவதும் வேண்டாம். பழைய சாயமும் சுண்ணாம்புப் பூச்சும் கை ஈரத்துக்கே உதிரும்.

1798 செப்டம்பர் 10 அன்று கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இதே கட்டடத்தில்தான். வளாகத்திலேயே ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் இருக்கிறது. அது பகலில் சாத்திவிடும் என்பதால் அம்மனை முதலில் பார்த்துவிட்டு விலாசத்துக்குள் போங்கள். வெள்ளிக்கிழமையிலும் அரசு விடுமுறை நாட்களிலும் அரண்மனையை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சாப்பாடு, ஓய்வு. மூன்றரைக்குக் கிளம்பினால் நடை திறக்கும் நேரத்துக்கு உத்தரகோசமங்கை போய்விடலாம். ராமநாதபுரத்திலிருந்து 18 கிலோமீட்டர்.

"மண் முந்தியோ, மங்கை முந்தியோ" என்று சொலவடையே உள்ள ஊர். மாணிக்கவாசகர் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தைப் பாடியது இங்கே. சுவாமி மங்களநாதர், அம்பாள் மங்களேஸ்வரி. வேறு சிவாலயங்களில் சேர்க்காத தாழம்பூவை இங்கே சுவாமிக்குச் சாத்துகிறார்கள். ஸ்தல விருட்சம் இலந்தை, பிராகாரத்திலேயே நிற்கிறது. எல்லோரும் தேடி வருவது மரகத நடராஜரை. இங்கேதான் ஏமாற்றமும் வருகிறது. பச்சைக் கல்லில் ஜொலிக்கும் நடராஜரை எதிர்பார்த்து வந்தால், சந்தனம் பூசிய மேனியைத்தான் பார்ப்பீர்கள். ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பிலேயே இருப்பார். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் மட்டும் அதைக் களைந்து அபிஷேகம் நடக்கும். ஆருத்ரா தரிசனத்தன்று விடியலில் மறுபடி சந்தனம் சாத்திவிடுவார்கள். ஒலி அதிர்ச்சியைக்கூட மரகதம் தாங்காது, அதனால்தான் காப்பு என்பது ஐதீகம். மரகத மேனியைக் கண்டே தீர வேண்டும் என்றால் அந்த ஒரு நாளுக்குத்தான் வர வேண்டும். ராமநாதபுரத்தில் அறையை ஒரு மாதம் முன்பே பிடித்துவிடுங்கள், கார் தூரத்திலேயே நின்றுவிடும், கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும். மற்ற நாட்களில் வந்தால் சந்நிதி முன்னால் ஆற அமர நிற்கலாம். அதுவும் ஒரு பாக்கியம்தான்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் வராகி அம்மன். நிறையப் பேர் இதைத் தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். வரிசையாக அம்மிக்கற்கள் கிடக்கும். வேண்டுதல் உள்ள பெண்கள் விரலி மஞ்சளைத் தண்ணீர் தெளித்து அரைத்து, உருட்டி அம்மனுக்குக் கொடுப்பார்கள். மஞ்சள் கடையில் கிடைக்கும். காய்ந்த விரலியை நேராக அம்மியில் வைத்தால் குழவி வழுக்கி ஓடும், விரல் நசுங்கும். முதலில் குழவியால் தட்டி நொறுக்கி, சிறிது நேரம் நனையவிட்டுப் பிறகு இழுக்கவும். வெள்ளைச் சேலை கட்டி வராதீர்கள்.

இரண்டாம் நாள்: தெற்குக் கரை

அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு கிளம்புங்கள். ராமநாதபுரத்திலிருந்து 10 கிலோமீட்டரில் திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. மூலவர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள். தனிச் சந்நிதியில் தர்ப்பையில் படுத்த கோலத்தில் இராமர். கடலரசன் வழிவிடக் காத்துக் கிடந்த கோலம் என்பார்கள். இராமர் படுத்த கோலத்தை வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாது, அவசரமாக ஓட வேண்டாம். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் சேதுக்கரையில் குளித்து, இங்கே நாகப் பிரதிஷ்டை செய்து, பாயசப் பிரசாதம் சாப்பிடுவது வழக்கம். தசரதன் கதையை ஒட்டியது. பாயசம் எல்லா நேரமும் கிடைக்காது. வந்ததும் முதல் வேலையாக அலுவலகத்தில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாகப் பிரதிஷ்டைக்குக் கல் முன்கூட்டி ஏற்பாடு ஆக வேண்டும், அன்றைக்கு வந்து அன்றைக்கே முடியும் என்று நினைக்க வேண்டாம்.

நான்கு கிலோமீட்டர் தள்ளி சேதுக்கரை. ஆஞ்சநேயர் இலங்கை இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறார், எதிரே கடல். உடைமாற்ற வசதி குறைவு, உட்கார நிழலும் குறைவு. குளிப்பதானால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். தேவிபட்டினம் போல அமைதியான தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. இது மன்னார் வளைகுடாப் பக்கம், இந்த ஊரில் ஆண் கடல் என்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். முழங்காலுக்கு மேல் போக வேண்டாம்.

அங்கிருந்து கீழக்கரையைத் தாண்டி முதலில் ஏர்வாடி. சுல்தான் செய்யிது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா அடங்கியிருக்கும் தர்கா. எல்லா மதத்தவரும் வருவார்கள். தலைக்குக் கைக்குட்டையோ தொப்பியோ வேண்டும், பெண்கள் முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும். செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி உள்ளே போகவும். சந்தனம், பூ, சர்க்கரை, எண்ணெய் விற்கும் கடைகள் வாசலிலேயே இருக்கின்றன. எதுவும் வாங்காமலும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மனநலம் குன்றியவர்களைக் குணமாக்க வேண்டி இங்கே கொண்டுவந்து தங்கவைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 2001 ஆகஸ்டில் தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கட்டிவைப்பதை அரசு ஒடுக்கியது. இன்றும் நோயாளிகளும் குடும்பங்களும் வளாகத்தைச் சுற்றி இருப்பார்கள். அவர்களைப் படம் பிடிக்காதீர்கள், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். சந்தனக்கூடு விழா இஸ்லாமிய நாட்காட்டியின் துல்கஅதா மாதத்தில். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால் போன வருடத் தேதியை வைத்து டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கீழக்கரைக்கு மதியம் ஒன்றரைக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் லுஹர் என்ற நண்பகல் தொழுகை நேரம். வெள்ளிக்கிழமையானால் இரண்டரைக்கு மேல்தான். பார்க்க வேண்டியது பழைய ஜும்மா பள்ளி. சேதுபதியின் நண்பராக இருந்த வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பள்ளிவாசல். கல்தூண்களும் அவற்றின் உச்சியில் உள்ள போதிகைகளும் கோயில் மண்டபத்தில் இருப்பவை போலவே இருக்கும், ஆனால் உருவச் சிற்பம் ஒன்று கூட இருக்காது. கொடியும் பூவும் கோலமும்தான். தூணின் சதுரப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்றில் இருக்கும் பூ இன்னொன்றில் இருக்காது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அவருடைய அடக்கத்தலமும் இங்கேதான். உள்ளே போகும் முன் பள்ளிவாசலில் இருக்கும் பெரியவர் யாரிடமாவது "பாய், பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போவது மரியாதை. அனேகமாகக் கூடவே வந்து காட்டுவார்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். தெருக்கள் குறுகல், பெரிய வண்டியைப் பேருந்து நிலையப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். திரும்பும்போது தொதல் என்ற இனிப்பு ஒரு கட்டி வாங்கிக்கொள்ளலாம். தேங்காய்ப்பாலில் கிண்டியது, நான்கைந்து நாள் தாங்கும்.

மூன்றரைக்குக் கீழக்கரையில் கிளம்பினால், ராமநாதபுரம் வழியாக மாலை வெயிலில் பாம்பன் பாலத்தைக் கடக்கலாம். 1988இல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து பக்கத்தில் ரயில் பாலம் தெரியும். பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொண்டது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. புதியது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 2.08 கிலோமீட்டர் நீளம், அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி லிப்ட் போல நேர் மேலே போகும். சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படமெடுப்பது ஆபத்து, போலீஸும் விரட்டும். பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு நடைபாதையில் நடந்து போங்கள்.

மூன்றாம் நாள்: ராமேஸ்வரம்

ஸ்படிகக் கல்லால் ஆன லிங்கத்தின் தரிசனம் காலை 5 முதல் 6 வரைதான். தீர்த்தமாடிவிட்டுத்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும் என்பது முறை. ஆனால் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வந்தால் ஸ்படிகம் முடிந்திருக்கும். இரண்டும் வேண்டும் என்கிறவர்கள் செய்ய வேண்டியது இது. அறையிலேயே குளித்து, நாலரைக்கு வரிசையில் நின்று ஸ்படிக தரிசனம் முடித்துவிடுங்கள். ஆறு மணிக்கு அக்னி தீர்த்தம், அதாவது கோயிலின் கிழக்கே உள்ள கடல். அங்கே முங்கி, ஈரத் துணியோடு கவுண்டரில் சீட்டு வாங்கி உள்ளே உள்ள தீர்த்தங்கள். பிறகு துணி மாற்றி மூலவர், அம்பாள். ஈரத் துணியோடு மூலவர் சந்நிதிக்கு விட மாட்டார்கள்.

திதி, தர்ப்பணம் உண்டென்றால் அது அக்னி தீர்த்தக் கரையில். இங்கேயும் தட்சிணை முதலில் பேச வேண்டும்.

தீர்த்தங்கள் மகாலட்சுமியில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி, சேது மாதவ தீர்த்தம் என்று போய், கோடி தீர்த்தத்தில் முடியும். பெரும்பாலானவை கிணறுகள். வாளியும் கயிறும் வைத்திருக்கும் ஆட்கள் மேலே நின்று இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கூட்டமாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஆள் எல்லாக் கிணற்றுக்கும் கூட்டிப் போவதும் உண்டு. அவருக்குக் கொடுப்பது சீட்டுக்கு மேலான தொகை, கட்டாயம் இல்லை. கூட்டமில்லாத நாளில் சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு அம்புக்குறி பார்த்து நீங்களே போகலாம். கூட்ட நாளில் ஆள் இருந்தால் வேகம். எப்படியானாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும்.

தரை முழுக்கத் தண்ணீர். வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிற முதியவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. வயதானவர்களை வரிசையில் நடுவில் விட்டு முன்னும் பின்னும் ஆள் இருங்கள். முடியாதவர்களுக்குக் கோடி தீர்த்தம் ஒன்றைத் தெளித்துக்கொண்டாலே போதும் என்பார்கள் பெரியவர்கள். அடர் நிறப் பருத்தி உடை நல்லது. நைலான் உடம்போடு ஒட்டும், வேட்டி நனைந்து கனத்து அவிழும், பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். சங்கிலி, மோதிரம் அறையிலேயே இருக்கட்டும். செல்போன் கோயிலுக்குள் கிடையாது. அதனால் குடும்பத்தில் யாராவது பிரிந்துவிட்டால் எந்த வாசலில் சேருவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் ஒன்று போலவே தெரியும், குழம்பாதவர் கிடையாது.

காசியிலிருந்து அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதருக்கு முதல் பூஜை, சீதை மணலில் பிடித்த ராமலிங்கத்துக்கு அடுத்த பூஜை. தரிசனத்திலும் அந்த வரிசையே. அம்பாள் பர்வதவர்த்தினியைப் பார்த்துவிட்டு மூன்றாம் பிராகாரத்துக்கு வாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. 1,212 தூண்கள் என்பது கணக்கு. தெற்கு, வடக்குப் பக்கங்கள் 640 அடி நீளம். பாதையின் நடுவில் நின்று பார்க்காமல், மூலையில் போய் நின்று பாருங்கள். இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் நீண்டு போவது அங்கிருந்துதான் தெரியும். மேற்குப் பக்கம் சொக்கட்டான் மண்டபத்தையும், அங்கே கைகூப்பி நிற்கும் சேதுபதி சிலையையும் விட்டுவிடாதீர்கள். தரிசனம் முடித்த கூட்டம் கிழக்கு வாசலைப் பார்த்தே ஓடுவதால் மேற்கு எப்போதும் காலியாக இருக்கும்.

ஒரு மணிக்கு நடை சாத்தும். சாப்பிட்டுவிட்டு, மசூதித் தெருவில் அப்துல் கலாம் வீட்டைப் பார்க்கலாம். கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான். வாசலில் சங்கும் சோழியும் விற்பார்கள். பவளம், கடல் குதிரை, கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். "மிதக்கும் கல்" என்று தொட்டியில் காட்டுவது காற்றறை நிறைந்த இலேசான கல். கும்பிடலாம், காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இல்லை.

இரண்டு, இரண்டரைக்கு தனுஷ்கோடி. வழியில் கோதண்டராமர் கோயில், விபீஷணனுக்கு இராமர் பட்டம் கட்டிய இடம். 1964 புயலிலும் நின்ற கோயில் இது. அது போகும்போதே திறந்திருந்தால் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்து, அதற்கு மேல் மணலில் ஜீப்தான். இப்போது நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. அரசுப் பேருந்தும் போகிறது. ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் கிடையாது, நல்ல தண்ணீரும் கையில் கொண்டுபோவதுதான். மாலையில் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடும். சூரிய அஸ்தமனத்தை அரிச்சல்முனையில் பார்க்கலாம் என்று நான்கு மணிக்கு மேல் கிளம்பினால் செக்போஸ்ட்டோடு திரும்ப வேண்டி வரும்.

முதலில் முனை வரை போய்விட்டு, திரும்பி வரும்போது இடிபாடுகளில் நிறுத்துங்கள். போகும்போது நிறுத்தினால் வெயில் நேர் மேலே இருக்கும், நேரமும் கரையும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அதிலிருந்தவர்களோடு கடலுக்குள் போனது. அதற்கு முன் சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்பு போவார்கள். தேவாலயத்தின் சுவர்கள் பவளப்பாறைக் கற்களால் ஆனவை. கிட்டே போய்ப் பார்த்தால் கல்லுக்குள் தேன்கூடு போன்ற துளைகள் தெரியும். உப்புக்காற்றில் பொடிப்பொடியாக உதிர்கிறது, மேலே ஏற வேண்டாம், துண்டு எடுத்துப் பையில் போடவும் வேண்டாம். மீனவர்கள் மணலில் இரண்டு மூன்றடி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்க்கலாம். மணலில் இறங்கிய மழைநீர் கடல் நீரைவிட இலேசு என்பதால் அதன் மேலே தங்கி நிற்கிறது. கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும். முனையில் குளிக்காதீர்கள். இரண்டு கடலின் இழுப்பும் சேருமிடம், நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

திரும்பும் நாள்

ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் காலையில், ஊருக்குள்ளேயே உயரமான கந்தமாதன பர்வதத்தில் ஏறி ராமர் பாதம் பார்த்துவிடுங்கள், மொட்டைமாடியிலிருந்து தீவு முழுக்கத் தெரியும். அடுத்து தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் இருக்கும் கிணறு, சிறு பாலத்தில் நடந்து போய் இறைத்துக் குடித்துப் பார்க்கலாம். தனுஷ்கோடி ஊற்றுக்குச் சொன்ன அதே காரணம்தான் இங்கேயும். பேக்கரும்பில் கலாம் நினைவிடம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. பாம்பனுக்கு முன் தெற்கே திரும்பினால் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் கரையிறங்க, பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டழைத்த இடம். அவர் நினைவாக மண்டபம் இருக்கிறது.

காரைக்குடி, தஞ்சாவூர் பக்கம் திரும்புகிறவர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு இடம். திருவாடானையில் ஆதிரத்தினேஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடியது, ஒன்பது நிலைக் கோபுரம். அங்கிருந்து ஓரியூர். போர்ச்சுகலில் பிறந்து இங்கே மறைப்பணி செய்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அவர் இரத்தம் சிந்திச் சிவந்தது என்று மக்கள் நம்பும் செம்மணலை எடுத்துப் போவார்கள். ஒரு பிடிக்கு மேல் அள்ளாதீர்கள், காகிதத்தில் மடித்தால் போதும். தேவாலயம் பகலிலும் திறந்திருக்கும் என்பதால் திருவாடானையைக் காலையில் முதலில் வைத்துக்கொண்டு, ஓரியூரை நடை சாத்திய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 4 திருவிழாவை ஒட்டிய நாட்களில் மட்டும் இந்த வழியில் பேருந்து நிரம்பி வழியும், சொந்த வண்டி இல்லாதவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.